வண்டி உரிம டிஸ்க் முடிந்து நாலு மாதம், பைக்கைப் பக்கி வண்டி இடித்துவிட்டது: இன்சூரன்ஸ் செல்லுமா?

நனைந்த செயின் (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், சாயங்கால மழையில், ஹிக்கின்சன் ஹைவே ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) சிவப்புக்கு நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பக்கி (பிக்கப் வண்டி) வழுக்கி வந்து இடித்தது. முழங்கையில் தோல் உரிந்ததோடு நான் தப்பித்தேன். என் பல்சர் 200 தப்பவில்லை. பின் சக்கரம் கோணல், ஸ்விங்ஆர்ம் வளைவு, டேங்க் ஒரு பக்கம் அப்பளம். கராஜ் போட்ட கணக்கு 31,400 ராண்ட்.

பக்கிக்காரர் நல்ல மனிதர். இறங்கி வந்து தூக்கிவிட்டார், தன் தப்பு என்றும் சொன்னார். ஆனால் அவருக்கு இன்சூரன்ஸ் கிடையாது. சரி, எனக்குத்தான் காம்ப்ரிஹென்சிவ் (என் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்த பாலிசி) இருக்கிறதே என்று கிளெய்ம் போட்டேன். மூன்று வருடமாக மாதாமாதம் டெபிட் ஆர்டரில் பிரீமியம் போகிறது, இதுவரை ஒரு கிளெய்ம்கூட இல்லை.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனியின் அசெசர் கராஜுக்கு வந்தார். அவர் முதலில் குனிந்து பார்த்தது டேங்கை அல்ல, சக்கரத்தை அல்ல, நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில், வருட உரிமக் காகிதமான டிஸ்க்கை வைக்கும் ஹோல்டரை. ரப்பர் வளையம் வெடித்து உள்ளே தண்ணீர் இறங்கி, காகிதம் டீ கொட்டின மாதிரிப் பழுப்பாகிக் கிடந்தது. கட்டைவிரலால் சேற்றைத் துடைத்துவிட்டு மூன்று போட்டோ எடுத்தார். டிஸ்க் முடிந்து நாலு மாதம். வீடு மாறியிருந்தேன், நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருக்கும். மறந்தது என் தப்புத்தான், மறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மெயில் வந்தது. விபத்து நடந்த அன்று வாகனத்துக்கு உரிமம் இல்லை, ஆகவே அது சாலையில் ஓடத் தகுதியற்றது, ஆகவே கிளெய்ம் கிடையாது. மொத்தம் நாலு வரி.

டிஸ்க் போனால் இன்சூரன்ஸும் போச்சா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லெனேசியா பெரியப்பா

போச்சுதான் தம்பி. டிஸ்க் இல்லாத வண்டி ரோட்டில் இருக்கவே கூடாது. இருக்கக் கூடாத வண்டிக்கு எவன் காசு கொடுப்பான்? மெட்ரோ போலீஸ் கண்ணில் படாமல் நாலு மாதம் ஓட்டினாயே, அதை நினைத்துச் சந்தோஷப்படு. பக்கிக்காரனிடம் கைமாற்றாகவாவது கொஞ்சம் வாங்கப் பார்.

மதுரைத் தம்பி (மிட்ராண்ட்)

பெரியப்பா சொல்வது சரியென்றே நினைக்கிறேன். ஊரில் இதற்குத் தீர்ப்பே இருக்கிறது. 2021 செப்டம்பர் 30-இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. ராஜஸ்தான்காரர் ஒருவர் புதிதாக வாங்கிய பொலேரோ, தற்காலிகப் பதிவு முடிந்தபின் ஜோத்பூரில் திருடு போனது. வண்டி நின்றிருந்தது, ஓடவில்லை. திருட்டுக்கும் பதிவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படியும், பதிவில்லாத வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோனதே பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறியது என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். 2014-இலும் இதே போக்கில் ஒரு தீர்ப்பு உண்டு. மறந்துவிட வேண்டியதுதான் அண்ணே.

பழைய அசெசர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கொஞ்சம் பொறுங்கள். நான் 22 வருடம் இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்ன மாதிரி சேறு துடைத்துப் போட்டோ எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

மூன்று தனித்தனிச் சமாசாரங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பதிவு என்பது வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பது. ஒரு தடவை பதிந்தால் ஆள் மாறும்வரை அதே சான்றிதழ்தான், வருடாவருடம் முடிவதில்லை. உரிமம் என்பது அந்த வட்டக் காகிதம், 12 மாதம். முடிந்த தேதிக்கு மேல் 21 நாள் விட்டுக்கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகு மாதத்துக்குக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அபராதம் ஏறும். மூன்றாவது ரோட்வொர்த்தி. பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங் இவற்றைப் பற்றியது. உங்கள் மாதிரி சொந்த உபயோகத்து பைக்குக்கு அந்தச் சான்றிதழ் கேட்பது பெரும்பாலும் பெயர் மாற்றும்போதுதான்.

டிஸ்க்கைப் புதுப்பிக்கப் போனால் என்ன நடக்கிறது, நினைத்துப் பாருங்கள். ஐடி, முகவரிச் சான்று, பணம். பைக் வீட்டில் நிற்கிறது. அதற்கு பிரேக் இருக்கிறதா, சக்கரம் இருக்கிறதா என்று கேட்க அந்தக் கவுன்டரில் ஆள் இல்லை. பணம் கட்டினதால் வண்டி தகுதி பெறுவதில்லை என்றால், கட்டாததால் தகுதி இழப்பதும் இல்லைதானே? உங்களுக்கு வந்த மெயிலில் இரண்டாவது "ஆகவே" தப்பு.

மதுரைத் தம்பி சொன்ன தீர்ப்பு எனக்கும் தெரியும். அது இந்தியச் சட்டம். அங்கே மோட்டார் இன்சூரன்ஸ் கட்டாயம், 1988 சட்டத்தின்படி பதிவில்லாமல் ஓட்டவே கூடாது, அந்த வழக்கில் முடிந்துபோனதும் பதிவுதான். இங்கே தனியார் இன்சூரன்ஸ் கட்டாயமே இல்லை. உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருப்பது வெறும் ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி. விலக்கு இருக்கிறது என்று சொல்கிறவர்கள்தான் அதை நிரூபிக்கவும் வேண்டும்.

பாலிசியை எடுத்து அந்த வரியைத் தேடுங்கள். "உரிமம்" என்ற சொல் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அவர்கள் கை கொஞ்சம் ஓங்கும். கோர்ட் என்றால் எழுத்தைத்தான் பார்ப்பார்கள். ஆம்புட் (கோர்ட்டுக்குப் போகாமல் புகாரைத் தீர்க்கும் அமைப்பு) என்றால் நியாயத்தையும் பார்ப்பார்கள்: டிஸ்க் முடிந்ததற்கும் பக்கி பின்னால் இடித்ததற்கும் என்ன தொடர்பு என்று கம்பெனியைக் கேட்பார்கள்.

ரிசர்வாயர் ஹில்ஸ் கணக்கர்

மூன்று வருடம் பிரீமியம் வாங்கினார்களே, டிஸ்க் முடிந்த அந்த நாலு மாதமும் வாங்கினார்களே. வாங்கும்போது இனித்ததா? அந்த வாதத்தை முதலில் வையுங்கள்.

பழைய அசெசர்

கணக்கரே, கேட்க நன்றாக இருக்கிறது, நிற்காது. உங்கள் டிஸ்க் எப்போது முடிகிறது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் இல்லை. தெரிந்தே வாங்கினார்கள் என்று காட்ட முடிந்தால்தான் அந்தப் பேச்சு. அதை எழுதப்போய் நல்ல வாதத்தின் நடுவில் ஒரு ஓட்டை வாதம் சேர்ந்துவிடும். எதிராளி ஓட்டையைத்தான் பிடித்துக்கொண்டு பதில் எழுதுவான். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பீனிக்ஸ் அக்கா

அசெசர் ஐயா சொல்வதை நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். என் தம்பி டெலிவரி பைக் ஓட்டினான். டிஸ்க் புத்தம் புதுசு, அந்த மாதம்தான் எடுத்தான். வளைவில் ஈர ரோட்டில் பின் டயர் சறுக்கி, பைக் தடுப்புச் சுவரில் போய்ச் செருகியது. வந்தவர் சின்னதாக ஒரு அளவுகோலை டயர் பள்ளத்தில் இறக்கினார். நடுவில் இறங்கவே இல்லை, பள்ளம் இருந்தால்தானே இறங்கும். சட்டத்துக்கு 1 மில்லிமீட்டர் வேண்டும். தம்பியின் டயர் நடுவில் மொட்டை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் முடி.

கிளெய்ம் போச்சு. நாங்களும் சண்டை போட்டுப் பார்த்தோம். மழையில் சறுக்கினதற்கும் டயருக்கும் தொடர்பில்லை என்று எங்கே போய்ச் சொல்வது? டிஸ்க்கைக் காட்டிக் காட்டி அழுதான். யாரும் அதைப் பார்க்கவே இல்லை.

அதனால் செயின் தம்பி, உங்கள் டயர் எப்படி இருந்தது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

அப்புறம் முழங்கை. எக்ஸ்ரே எடுத்தீர்களா? இப்போது தெரியாது, மூன்று மாதம் கழித்து மடக்க முடியாமல் போகும். உடம்புக்கு ஏதாவது என்றால் அதற்கு ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட் தனியாக இருக்கிறது. நாம் பெட்ரோல் போடும்போது லிட்டருக்கு லிட்டர் அதற்குக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். எதிர் வண்டி யாரென்று தெரிந்தால் மூன்று வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், இடித்துவிட்டு ஓடியவன் என்றால் இரண்டே வருடம். அங்கே பார்ப்பது இடித்தவர் தப்பை. உங்கள் டிஸ்க்கை அல்ல. ஆனால் பைக் ரிப்பேருக்கு அங்கே ஒரு சென்ட் கிடையாது. போலீஸில் பதிந்தீர்களா?

நனைந்த செயின்

அக்கா, மறுநாளே காலையில் ஸ்டேஷனில் பதிந்து நம்பர் வாங்கிவிட்டேன். எக்ஸ்ரே எடுக்கவில்லை, இந்த வாரம் எடுக்கிறேன்.

டயர் விஷயத்தில் என் மேல் சாமிக்குக் கருணை. விபத்துக்கு ஆறு வாரம் முன்னால்தான் பின் டயர் மாற்றி, பிரேக் பேட் இரண்டு பக்கமும் போட்டேன். பில் இருக்கிறது. கிலோமீட்டர் எண்ணோடு.

பாலிசியையும் தோண்டி எடுத்தேன். "வாகனம் சாலையில் ஓடத் தகுதியான நிலையில் பராமரிக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரி. உரிமம், டிஸ்க் என்ற பேச்சே எங்கேயும் இல்லை. ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. என் கார்டு செல்லும், கோட் ஏ என்ற பைக் லைசென்ஸ். பைக் 200 சிசி, அது சரியாக இருக்கிறது.

இன்னொன்று. கிளெய்ம் போட்டபோது போனில் ஒரு பெண் "டிஸ்க் இருந்ததா" என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னேன். அப்போதே வாயை மூடியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது என்று வீட்டில் திட்டு விழுகிறது.

பழைய அசெசர்

வீட்டில் சொல்லுங்கள், அந்த ஒரு பதில்தான் உங்களைக் காப்பாற்றும். அந்த அழைப்பு பதிவாகியிருக்கும். "இருந்தது" என்று சொல்லியிருந்தால் டிஸ்க் பிரச்சினை கிளெய்மில் பொய் சொன்ன பிரச்சினையாக மாறியிருக்கும். அதற்குப் பிறகு டயராவது பில்லாவது. நேர்மையில்லாத கிளெய்ம் என்று முழுவதும் தூக்கிப் போட்டிருப்பார்கள். நான் பார்த்ததில், காகிதக் குறையால் செத்த கிளெய்மைவிட, அந்தக் குறையை மறைக்கப்போய்ச் செத்த கிளெய்ம் அதிகம்.

இப்போது செய்ய வேண்டியது. கிளெய்மை மறுத்த கடிதம் கிடைத்த நாளிலிருந்து 90 நாள் உங்களுக்கு உண்டு, அதற்குள் அந்தக் கம்பெனிக்கே ஆட்சேபம் எழுதலாம். 2018-இல் வந்த பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளில் இது இருக்கிறது. அந்த 90 நாளுக்கு மேல் வழக்குப் போடக் குறைந்தது ஆறு மாதம் விட வேண்டும். கோர்ட்டுக்கு முன்னால் ஆம்புட். பழைய ஷார்ட்-டேர்ம் இன்சூரன்ஸ் ஆம்புட் தனியாக இல்லை, 2024 மார்ச் 1-இலிருந்து நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்புட் என்று ஒன்றாகிவிட்டது. அவர்களிடம் போகக் காசு கிடையாது. ஆனால் முதலில் கம்பெனிக்கு எழுதியிருக்க வேண்டும்.

எழுதும்போது சுருக்கமாக. மன்னிப்பு வேண்டாம், மூன்று வருட விசுவாசம் வேண்டாம், பிள்ளைகுட்டிக் கதை வேண்டாம். எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள், விபத்து நேரத்தில் பைக்கில் என்ன குறை இருந்தது, அந்தக் குறை இந்த மோதலுக்கு எப்படிக் காரணமானது. இந்த மூன்றையும் கேட்டு, டயர் பில்லை இணைத்து, நிறுத்திக்கொள்ளுங்கள்.

லெனேசியா பெரியப்பா

அப்படியானால் எல்லாரும் டிஸ்க் எடுக்காமல் சுற்றலாம் என்கிறீர்களா? நான் மட்டும் வருடாவருடம் வரிசையில் நின்று கால் வீங்குகிறேன்.

பழைய அசெசர்

அண்ணே, அப்படிச் சொல்லவில்லை. போலீஸ் பிடித்தால் ஃபைன், பாக்கி, அபராதம் எல்லாம் உண்டு. அது தம்பிக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள கணக்கு. அதை வசூலிக்கும் உரிமையை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் பாலிசியில் "செல்லுபடியாகும் உரிமம் உள்ள வாகனம்" என்று பச்சையாக எழுதியிருந்தால் நான் இவ்வளவு தைரியமாகப் பேசமாட்டேன்.

மதுரைத் தம்பி (மிட்ராண்ட்)

சரி, நான் பின்வாங்குகிறேன். ஊர் நினைப்பிலேயே பேசிவிட்டேன். இங்கே வந்த முதல் வாரம் ஒருவரிடம் வழி கேட்டேன், "அடுத்த ரோபோவில் இடது" என்றார். ஏதோ கடை வாசலில் பொம்மை நிற்கும் என்று இரண்டு கிலோமீட்டர் தேடிக்கொண்டே போனேன். செயின் அண்ணன் ரோபோவில் நின்றேன் என்று எழுதினதைப் படித்ததும் அது ஞாபகம் வந்தது.

டோங்காட் தம்பி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு டிஸ்க் இருக்கிறது, மாமா பெயரில். ஸ்டேங்கர் மாமாவிடமிருந்து இரண்டு வருடம் முன்னால் 125 சிசி பைக் வாங்கினேன். பெயர் மாற்றவில்லை. டிஸ்க்கை அவரே எடுத்து அனுப்பிவிடுவார். இன்சூரன்ஸ் என் பெயரில். இது பரவாயில்லைதானே?

பழைய அசெசர்

தம்பி, செயின் தம்பியைவிட உன்னை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பணம் கொடுத்து வாங்கியிருந்தால் பைக் உன்னுடையதுதான். பதிவுச் சான்றிதழில் பெயர் இருப்பது மட்டும் உரிமையைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் அதை நீ காட்ட வேண்டிய நாள் எது? பைக் திருடு போன நாள், இல்லை முழுக்க நொறுங்கின நாள். அப்போது கம்பெனி பதிவுக் காகிதம் கேட்கும், மாமா பெயர் இருக்கும். ரசீது எங்கே என்பார்கள். மாமாவிடம் ரசீதா கேட்டிருப்பாய்? கல்யாண வீட்டில் கையில் சுருட்டிக் கொடுத்திருப்பாய். பாலிசி எடுக்கும்போது பதிவு யார் பெயரில் என்று கேட்டார்களா, நீ என்ன சொன்னாய் என்பது இன்னொரு தலைவலி. "என் பெயரில்" என்று சொல்லியிருந்தால் இன்றைக்கே போன் பண்ணித் திருத்து.

சட்டப்படி வாங்கி 21 நாளில் பெயர் மாற்றியிருக்க வேண்டும். கைமாறியதைச் சொல்லும் என்சிஓ படிவத்தை மாமா கொடுக்க வேண்டும், உன் பெயரில் பதியக் கேட்கும் ஆர்எல்வி படிவத்தை நீ. ரோட்வொர்த்தி சான்றிதழ் எடுத்தால் 60 நாள்தான் செல்லும், அதனால் மற்றக் காகிதமெல்லாம் கைக்கு வந்தபின் டெஸ்டிங் கிரவுண்டுக்குப் போ.

பீனிக்ஸ் அக்கா

மாமாவுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா. கேமரா ஃபைன் எல்லாம் அவர் வீட்டுக்குத்தானே போகும். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் இதனாலேயே இரண்டு தீபாவளி பேசாமல் இருந்தது.

நனைந்த செயின்

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

முதலில் எழுதின கடிதம் இரண்டு பக்கம் வந்தது, பிள்ளை பிறந்த கதை உட்பட. ஐயா சொன்னது நினைவுக்கு வந்து கிழித்துப் போட்டுவிட்டு ஏழு வரியில் எழுதினேன். டயர் பில், பிரேக் பில், போலீஸ் நம்பர், பக்கிக்காரர் தன் தப்பு என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி. கடைசி வரியில், பதில் திருப்தியில்லை என்றால் ஆம்புட்டுக்குப் போவேன் என்று மட்டும்.

பத்து நாள் சத்தமே இல்லை. அப்புறம் வேறொரு ஆள் கூப்பிட்டார். டயர் பில்லில் உள்ள கிலோமீட்டருக்கும் மீட்டரில் உள்ளதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டார், சொன்னேன். அசெசர் எடுத்த போட்டோவில் டயரும் இருந்திருக்கிறது போல, "ஆமாம், பள்ளம் நன்றாக இருக்கிறது" என்று அவரே முணுமுணுத்தார். டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாளில் மெயில்: கிளெய்ம் ஏற்கப்படுகிறது. என் எக்சஸ் (நான் ஏற்க வேண்டிய பங்கு) 4,500 ராண்ட் கழித்து மீதி கராஜுக்கு நேராகப் போகும். முன்னால் ஏன் மறுத்தார்கள், இப்போது ஏன் மனம் மாறினார்கள் என்பதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லை.

பக்கிக்காரரிடம் அவர்களே பணம் கேட்கப் போகிறார்களாம், என் எக்சஸையும் சேர்த்து. அந்த மனிதரை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

முழங்கை எக்ஸ்ரே சுத்தம் அக்கா.

டிஸ்க்கும் எடுத்துவிட்டேன். பாக்கியும் அபராதமும் சேர்ந்து, ஒரு நல்ல ஹெல்மெட் வைசர் விலை போய்விட்டது. முகவரியையும் மாற்றினேன். பழைய ஹோல்டரைக் கழற்றப் போனால் ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலையே உடைந்துவிட்டது. கராஜ் பையன் துளைபோட்டு எடுத்தான்.

லெனேசியா பெரியப்பா

நல்லது. என் டிஸ்க் ஆகஸ்டில் முடிகிறது. எதற்கும் டயரையும் ஒரு தடவை பார்த்துவிட்டேன்.

பழைய அசெசர்

பார்த்தீர்களா, எவ்வளவு இருக்கிறது?

லெனேசியா பெரியப்பா

அதைக் கேட்காதே.

டோங்காட் தம்பி

மாமாவைச் சனிக்கிழமை கூட்டிப் போகிறேன் ஐயா. வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஐடி புத்தகத்தை எங்கே வைத்தார் என்றுதான் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார். அத்தையோ, தான் எடுக்கவில்லை என்கிறார்.